கடலூரில் இங்கிலீஷ் டியூஷன்: மூன்று இடம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

புதுப்பாளையம், மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பக்கம் இருக்கிறவர்கள், பிள்ளையை இங்கிலீஷுக்காக எங்கேயாவது சேர்க்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான்கு வருடமாக மூன்று இடத்துக்கு மகளை அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டும் சரிவரவில்லை, மூன்றாவது இடம் பிடித்துவிட்டது, அங்கேயும் குறைகள் உண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் இப்போது பத்தாவது, ஆங்கில வழி. நானும் வீட்டுக்காரரும் தமிழ் வழியில் படித்தவர்கள். அவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வங்கி படிவத்தைப் படித்து நிரப்பத் தெரியும், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசச் சொன்னால் வராது. அதனால் டியூஷனில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரியா தப்பா என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்க எங்களால் முடியாது. மார்க்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். எங்களைப் போன்ற பெற்றோர்தான் இந்த ஊரில் அதிகம் என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சேர்த்தது தெருமுனையில் இருக்கும் ‘எல்லாப் பாடமும்’ டியூஷன். ஆறாவது முடித்த கையோடு சேர்த்தோம், மாதம் 400 ரூபாய். மாலை ஐந்தரைக்குப் போனால் எட்டரைக்கு வருவாள். ஒரு ஹால், பாய் விரித்து நாற்பது பிள்ளைகள், மூன்றாவது படிக்கிறவனும் பத்தாவது படிக்கிறவனும் ஒரே கூரையின் கீழ். பள்ளி வீட்டுப்பாடத்தை எழுத வைப்பார்கள், கைடில் இருக்கும் கேள்வி பதிலை ஒப்பிக்கச் சொல்வார்கள், தினமும் டெஸ்ட். அந்த சார் கெட்டவர் இல்லை, உண்மையாகவே கஷ்டப்படுவார். கணக்கில் என் பெண் தேறியதற்கு அவர்தான் காரணம். ஃபெயில் ஆகிக்கொண்டிருந்த பையன்கள் சில பேரை 35 தாண்ட வைத்ததையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த வீடுகளுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் இங்கிலீஷில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது எட்டாவது அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடைத்தாள் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான். 84 மார்க். சந்தோஷமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதுகிற கேள்வி ஒன்று இருக்கும், பத்தாவது பொதுத்தேர்வில் அதற்கு 5 மார்க், அந்த மாதிரியிலேயே இவர்களுக்கும் கேட்டிருந்தார்கள். கேள்வித்தாளில் படம் இருந்தது: தலையில் செங்கல் சுமந்துகொண்டு இரண்டு சின்னப் பிள்ளைகள், பின்னால் செங்கல் சூளை. என் பெண் எழுதியிருந்தது இது: “திஸ் இஸ் எ வொண்டர்ஃபுல் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச். தி பீப்பிள் இன் த பிக்சர் ஆர் ஹாப்பி.” மிச்சம் இரண்டு வரியும் இதே ரகம். 5க்கு 4 போட்டிருந்தார்கள்.

“ஏன்டி, இந்தப் பிள்ளைங்க ஹாப்பியாவா இருக்காங்க?” என்று கேட்டேன். “எந்தப் படம் வந்தாலும் இந்த அஞ்சு வரிய எழுதச் சொல்லியிருக்காங்கம்மா, பத்தாவது வரைக்கும் இதுவே போதுமாம்” என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. படத்தைப் பார்க்கவே இல்லை அவள், பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவோடு சேர்ந்து பஸ் கண்டக்டரின் பேச்சு முதல் ஆயாவின் நடை வரை நடித்துக் காட்டுகிற பெண், அவளிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, அதை இங்கிலீஷில் சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாமல் இரண்டு வருடம் போயிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், கேள்வித்தாளின் அமைப்பு எல்லோருக்கும் மனப்பாடம். 2019-20லிருந்து பத்தாவதில் இங்கிலீஷ் ஒரே தாள், 100 மார்க். அதில் 14 ஒரு மார்க் கேள்வி, எதிர்ச்சொல், ஒருமை பன்மை அந்த மாதிரி. மனப்பாடச் செய்யுள் கட்டாயம் வரும். கடிதம், விளம்பரம், தவறு திருத்தம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும். கைடை வைத்து இரண்டு மாதம் உருட்டினால் ஒரு வரி சொந்தமாக எழுதாமல் 80 வாங்கிவிடலாம், என் வீட்டிலேயே வாங்கியிருக்கிறார்கள். டியூஷன்காரரிடம் நாங்கள் மார்க்கைக் கேட்டோம், அவர் மார்க்கைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

சரி, பேச வைக்கலாம் என்று அடுத்தது ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரம். பெயர் எழுதவில்லை. ஏசி அறை, ஆளுக்கு ஒரு நாற்காலி, சுவரில் பெரிய திரை, 90 நாளில் சரளமாகப் பேசலாம் என்று வெளியே பேனர். மூன்று மாதத்துக்கு 6,500 ரூபாய், புத்தகத்துக்கும் பைக்கும் தனியாக 700. எட்டாவது முழுஆண்டு முடிந்து கோடை விடுமுறையில் சேர்த்தோம்.

டெமோ கிளாஸ் எடுத்தவர் பிரமாதமான ஆசிரியர். முக்கால் மணி நேரத்தில் என் பெண்ணை எழுந்து நின்று தன்னைப் பற்றி நாலு வரி சொல்ல வைத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். கட்டிய பிறகு அவரை மறுபடி பார்க்கவே இல்லை, அவர் டெமோவுக்கு மட்டும்தானாம். கிளாஸ் எடுத்தது கல்லூரி முடித்த கையோடு வந்த ஒரு பெண், அந்தப் பிள்ளையும் ஐந்தாவது வாரம் வேறு வேலைக்குப் போய்விட்டது, அப்புறம் வந்தவர் முதல் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தார். முப்பது பேருக்கு ஒரு மணி நேரம். திரையில் ஒரு உரையாடல் ஓடும், ஹோட்டலில் அறை எடுப்பது எப்படி, விமான நிலையத்தில் என்ன கேட்பது, அதை எல்லோரும் சேர்ந்து கோரஸாகத் திரும்பச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு விமான நிலையத்தில் என்ன வேலை? மூன்று மாதத்தில் அவள் தனியாக வாய் திறந்து பேசியது, அவளே எண்ணிச் சொன்னாள், ஏழு தடவை. முன்பு கைடிலிருந்து ஐந்து வரி, இப்போது திரையிலிருந்து ஐந்து வரி.

இரண்டாவது மாதம் நடுவில் போய், மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்று கேட்டேன். வரவேற்பில் இருந்தவர், “கட்டினது கட்டினதுதான் மேடம், ரசீதுலயே போட்டிருக்கு” என்றார். போட்டுத்தான் இருந்தது, பின்பக்கம், பொடி எழுத்தில். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கிற மையங்களுக்கு அது. முழுப் பணம் கட்டிவிட்டு நடுவில் விலகினால், மீதி நாட்களுக்கான கட்டணத்தைக் கணக்குப் போட்டு 10 நாளில் திருப்பித் தரச் சொல்கிறது. தவறான வாக்குறுதி கொடுத்து ஆள் சேர்க்கக் கூடாது, 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கவே கூடாது, ஆசிரியர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நெறிமுறையைச் செயல்படுத்துவது மாநிலங்கள் கையில் இருப்பதால் கையோடு எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட முடியுமா என்பது வேறு விஷயம், ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து பேசினால் எதிரில் இருப்பவர் குரல் கொஞ்சம் இறங்கும். எங்கே சேர்த்தாலும் மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம். டெமோ எடுக்கிறவர்தான் கிளாஸும் எடுப்பாரா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மூன்றாவது இடம் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீச்சர் வீட்டு மாடி. அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவர். என் அலுவலகத்தில் ஒரு அக்காவின் பையன் அங்கே படித்தான், அவர் சொல்லித்தான் போனேன். ஒன்பதாவது ஜூலையில் சேர்த்தது. பெயரைப் போட வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டார், பதினான்கு பேருக்கு மேல் இடமில்லை, கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்குச் சங்கடமாக இருக்கிறதாம். பேனர் கிடையாது, போர்டு கிடையாது. மாதம் 600, வாரத்தில் நான்கு நாள், ஒன்றரை மணி நேரம்.

போன முதல் நாள் என்னிடம் எதுவும் பேசவில்லை. மகளைக் கூப்பிட்டு, கையில் இருந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, “படி பாப்பா” என்றார். அவள் திக்கித் திக்கிப் படித்தாள். அப்புறம் அவளுடைய பள்ளிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலும் பென்சிலால் பொடியாகத் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தாள். பாதிப் பிள்ளைகளின் புத்தகத்தில் இதைப் பார்க்கலாம், நானும் அப்படித்தான் படித்தேன். டீச்சர் ஒரு ரப்பரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இத அழிச்சிட்டு வா, எத்தன நாள் ஆனாலும் பரவால்ல. அழிச்ச பக்கத்த மட்டும் நாம படிக்கலாம்.” நாற்பது நாள் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ரெண்டு பக்கம் என்று அழித்து அழித்துப் படித்தாள்.

ஏன் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். தமிழில் ‘ப’ என்று ஒரே எழுத்து. பன்றிக்கு உள்ள இங்கிலீஷ் வார்த்தையையும் ‘பெரிய’ என்பதற்கு உள்ள வார்த்தையையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பிக்’ என்றுதான் வரும். மேலே தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே சத்தம், அப்புறம் கேட்கும்போதும் வித்தியாசம் காதில் விழாது, எழுதும்போதும் எழுத்துப் பிழை வரும். இதற்கு அவர் ஒரு வேலை செய்வார், பார்க்கவே நன்றாக இருக்கும். நாலு விரல் அகலத்துக்குக் காலண்டர் தாளைக் கிழித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடிக்கச் சொல்வார். பன்றியைச் சொன்னால் வாய்க்காற்றுப் பட்டுத் தாள் படக்கென்று ஆட வேண்டும், பெரியதைச் சொன்னால் ஆடக் கூடாது. பதினான்கு பிள்ளைகளும் தாளைப் பிடித்துக்கொண்டு மாறி மாறிச் சொல்வார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஆயாவும் தாளை ஆட்டிக் காட்டினார்.

அடுத்தது மூன்று வரி நோட்டு. தினமும் மூன்றே வரி, அன்றைக்கு உண்மையில் நடந்ததை எழுத வேண்டும். கைடில் இருக்கிற வரி வந்தால் வாங்க மாட்டார். எழுதுவதற்கு முன் அதைத் தமிழில் வாயால் சொல்ல வேண்டும், நன்றாகச் சொன்ன பிறகுதான் இங்கிலீஷ். தமிழில் வினை கடைசியில் வரும், இங்கிலீஷில் ஆளுக்கு அடுத்து வரும், ‘மேசை மேல்’ என்பதில் ‘மேல்’ என்று நாம் பின்னால் வைப்பதை அவர்கள் முன்னால் வைப்பார்கள், இந்த இடமாற்றம் மட்டும் கைக்கு வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்பது அவர் கட்சி. தமிழ் பேசினால் ஃபைன் போடுகிற இடங்களும் ஊரில் இருக்கின்றன, அங்கே பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுவதில்லை, பேசாமல் இருக்கப் பழகுகிறார்கள்.

இன்னொன்று, எல்லாத் தப்பையும் திருத்த மாட்டார். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அது மட்டும்தான் சிவப்பு மையில் வரும், மற்ற பிழைகள் அப்படியே நிற்கும். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, தப்பைப் பார்த்தும் விட்டுவிடுகிறாரே என்று கேட்டேவிட்டேன். “தாள் பூரா சிவப்பாயிட்டா அடுத்த நாள் அது எழுதாதும்மா” என்றார். ஜூலை நோட்டில் என் பெண் எழுதியது, “யெஸ்டர்டே ஐ கோ டு சில்வர் பீச்.” அதில் ‘கோ’வை மட்டும் சுழித்திருக்கிறார். ஜனவரி நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்) துறைமுகத்தில் ஆயா மீன் வாங்கியதைப் பற்றி. பேரம் பேசுவதற்கு என்ன வார்த்தை என்று டீச்சரிடம் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள். ஆயா கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்து போவது மாதிரி பாவனை செய்ததும், மீன்காரம்மா பத்து எட்டு நடக்க விட்டுக் கூப்பிட்டதும் ஒன்பது வரியில் வந்துவிட்டது. மூன்று வரிதான் கேட்டது, ஒன்பது வரி எழுதியிருந்தாள். பிழைகள் இருந்தன. அந்த நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது குறைகள். முக்கியமானது மார்க். ஒன்பதாவது காலாண்டில் 84லிருந்து 71க்கு இறங்கினாள். அந்த ஐந்து வரியை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதினாள், பிழை வந்தது, மார்க் போனது. வீட்டுக்காரர் கோபப்பட்டார், நானும் இரண்டு நாள் யோசித்தேன். முழுஆண்டில் 78, இந்த வருடம் காலாண்டில் 83. ஆக, ஒன்றேகால் வருடம் கழித்து ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்திருக்கிறாள். இந்த 83 அவளுடையது. ஆனால் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது, பத்தாவது ஜனவரியில் வந்து சேர்க்கச் சொன்னால் டீச்சரே எடுக்க மாட்டார். கடைசி நேரத்தில் பாஸ் ஆக வேண்டிய பிள்ளைக்கு நான் மேலே சொன்ன தெருமுனை டியூஷன்தான் நல்லது, இதை மனதாரச் சொல்கிறேன்.

அப்புறம் பேச்சுப் பயிற்சி குறைவு. எழுத்தும் வாசிப்பும் வலுவாக இருக்கிறது, ஆனால் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆறாவது பிள்ளையும் பத்தாவது பிள்ளையும் ஒன்றாக உட்காருவதால் பெரியவர்களுக்குச் சில நாள் சலிப்பாக இருக்கிறதாம். மாடியில் சிமெண்ட் ஷீட் கூரை, ஏப்ரல் மே மாதங்களில் ஐந்து மணிக்கும் அனல் இறங்காது, பிள்ளைகள் வேர்த்து வழிந்து வருவார்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் நிலைமை தெரியும், தெருவில் தண்ணீர் நின்றால் கிளாஸ் கிடையாது, போன வருடம் அப்படிப் பதினொரு நாள் போனது, அதற்குப் பதில் கிளாஸ் வைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவெல்லாம் இல்லாததால் கிளாஸ் இருக்கிறதா இல்லையா என்று நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாடிப்படியில் விளக்கு எரியாது, இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

புதுச்சேரியில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லாஸ்பேட்டையில் என் தங்கை இருக்கிறாள், பையன் அரசுப் பள்ளி. அங்கே அரசுப் பள்ளிகளை 2023-24ல் சிபிஎஸ்இக்கு மாற்றினார்கள், புத்தகம் ஒரேயடியாக மாறியது, கைடு வைத்து ஓட்டிக்கொண்டிருந்த டியூஷன்களுக்கே தடுமாற்றம். இப்போது தெருவுக்கு இரண்டு புது மையம் என்கிறாள். அவள் பையனையும் ஒரு இடத்தில் சேர்த்தாள், அங்கேயும் அதே கதைதான், கைடின் அட்டை மட்டும் வேறு. முன்பின் தெரியாத ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் பையன் பேந்தப் பேந்த விழிக்கிறான். போன மாதத்திலிருந்து அவளும் வீட்டில் மூன்று வரி நோட்டு ஆரம்பித்திருக்கிறாள், திருத்த ஆள் இல்லாததால் எழுதுவது மட்டும் நடக்கிறது.

பணம் ஒரு தடை என்றால் இதையும் சொல்ல வேண்டும். என் சின்னவன் இல்லம் தேடிக் கல்வியில் போய்க்கொண்டிருந்தான், 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம், அப்போது ஒன்றாவது முதல் எட்டாவது வரை, தன்னார்வலர்கள் மாலையில் எடுத்தார்கள். எங்கள் தெருவில் எடுத்த அக்கா மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவ்வளவு உழைத்தார், எழுத்துக் கூட்டிப் படிக்க அவன் பழகியது அங்கேதான். மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர்களுக்கான இங்கிலீஷ் புத்தகங்களும் இருக்கின்றன, ஞாயிறு தவறாமல் கூட்டிப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பள்ளியில் பாடம் எடுக்கிற ஆசிரியரே ‘என்னிடம் டியூஷனுக்கு வா’ என்று கூப்பிட்டால் போக வேண்டாம். பணியில் இருக்கும் ஆசிரியர் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

இப்போது பிள்ளை போகிற இடம் எப்படி என்று இங்கிலீஷ் தெரியாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அங்கேயே போனால், இரண்டு பேர் நோட்டையும் வாங்கி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ‘என் ஊர்’, ‘என் நண்பன்’ என்று எழுதிய பக்கங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அது டியூஷன்காரர் எழுதியது. என் பெண் பழைய நோட்டையும் எதிர்வீட்டுப் பையன் நோட்டையும் அப்படி வைத்துப் பார்த்தேன், இரண்டு பேருக்குமே நண்பன் பெயர் ராமு.

மாடி டீச்சரிடம் இப்போது சேர்க்கை ஜூன் முதல் வாரம் மட்டும். மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் ‘மாடி டீச்சர் வீடு’ என்றால் காட்டுவார்கள். மாலை நாலரைக்கு முன் போங்கள், பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், பள்ளிப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். ரப்பர் அவரே கொடுப்பார்.